மாதக் கடைசியில் வரும் கிறிஸ்துமஸ்: 8,000 ரூபாய்க்குள் எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது?

கேள்வி: தூத்துக்குடி மருமகள்

அனைவருக்கும் வணக்கம். தீபாவளி முடிந்த கையோடு இந்தக் கேள்வியைக் கேட்கிறேன். டிசம்பர் 20ஆம் தேதிக்கு மேல் கேட்டால் யார் எவ்வளவு நல்ல யோசனை சொன்னாலும் அதைச் செய்து பார்க்க நேரம் இருக்காது.

என் கணவர் தனியார் நிறுவனம் ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறார். பெரும்பாலான இடங்களைப் போலவே அங்கும் போனஸ் தீபாவளிக்குத்தான் கிடைக்கும். இந்த ஆண்டு அது வந்த வாரத்திலேயே பிள்ளைகளின் இரண்டாம் பருவக் கட்டணத்துக்கும் மாமியாரின் கண் அறுவைச் சிகிச்சைக்கும் போய்விட்டது. டிசம்பர் மாதச் சம்பளம் ஜனவரி 5ஆம் தேதிக்கு முன்பு வராது. ஆகவே எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் எப்போதுமே கையிருப்பு கரைந்துபோன மாதக் கடைசியில்தான் வருகிறது. எப்படிப் பார்த்தாலும் இம்முறை 8,000 ரூபாய்க்கு மேல் ஒதுக்க வழியில்லை.

சென்ற ஆண்டின் செலவை ஒரு நோட்டில் குறித்து வைத்திருந்தேன். நாங்கள் இருவர், மாமியார், எட்டாம் வகுப்புப் படிக்கும் மகள், நான்காம் வகுப்புப் படிக்கும் மகன் ஆகிய ஐந்து பேருக்கும் உடை எடுத்த வகையில் 7,500 ரூபாய் ஆகியிருக்கிறது. பலகாரச் சாமானும் எண்ணெயும் 3,200, கடையில் வாங்கிய கேக்கும் மக்ரூனும் 1,800, கறியும் பிரியாணி அரிசியும் 3,000, ஸ்டார், சீரியல் செட், குடில் சாமான்கள் 1,400, கோயில் காணிக்கையும் கேரல் குழுக்களுக்குக் கொடுத்ததும் 1,100. மொத்தம் 18,000 ரூபாய். இதில் பாதிகூட இப்போது கையில் இல்லை.

இத்துடன் இந்த ஆண்டு இன்னொரு செலவும் சேர்ந்திருக்கிறது. என் நாத்தனாருக்கு மே மாதம் திருமணம் ஆனது. அவருக்கு இது தலைக் கிறிஸ்துமஸ். மாப்பிள்ளைக்கு ஒரு மோதிரமாவது போட வேண்டும் என்று மாமியார் நினைக்கிறார். என் வளையலை அடகு வைத்தால் ஆகிவிடும் என்ற பேச்சும் வீட்டில் எழுந்திருக்கிறது.

பலகாரத்தையும் சும்மா விட்டுவிட முடியாது. எங்கள் காம்பவுண்டிலும் தெருவிலுமாக 14 வீடுகளுக்குத் தட்டு அனுப்புவது வழக்கம். தீபாவளிக்கு அதிரசமும் முறுக்கும் அனுப்பியவர்களும் ரம்ஜானுக்கு வாளியில் பிரியாணி கொடுத்துவிட்டவர்களும் அந்த வீடுகளில் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டுப் பாத்திரத்தை நான் எப்படி வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பது?

எதைக் குறைத்தால் பிள்ளைகள் மனம் கோணாமல் இருக்கும், எதைக் குறைத்தால் உறவு கெடும் என்பதை அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள். "பண்டிகை என்பது மனத்தில்தான் இருக்கிறது" என்பது போன்ற பதில்கள் மட்டும் வேண்டாம். அதை நானே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பதில்: நாசரேத் ஓய்வாசிரியர்

அன்பு மகளே, நோட்டில் எழுதி வைத்திருந்தாய் என்பதால் பாதி வேலை முடிந்துவிட்டது. 18,000 ரூபாயில் 7,500 ரூபாய் துணிக்கே போயிருக்கிறது; நூற்றுக்கு நாற்பதுக்கும் மேல். ஆகவே துணியிலிருந்துதான் தொடங்க வேண்டும். கறியில் கால் கிலோவைக் குறைப்பது, கேக்கைச் சிறிதாக வாங்குவது போன்றவற்றால் வீட்டில் முகச்சுளிப்புதான் மிஞ்சுமே தவிரப் பெரிய பணம் மிஞ்சாது.

எங்கள் பக்கத்துச் சபைகளில் கிறிஸ்துமஸ் அதிகாலை ஆராதனைக்கு ஓர் உடை, டிசம்பர் 31 இரவு ஆராதனைக்கு இன்னோர் உடை என்று இரண்டு எடுக்கும் பழக்கம் எப்படியோ வந்துவிட்டது. உங்கள் வீட்டில் அது இருந்தால் முதலில் அதை நிறுத்திவிடு. பெரியவர்கள் இந்த ஆண்டு புதிது எடுக்க வேண்டியதில்லை. திருமணத்துக்கு எடுத்த சேலையும் சட்டையும் மே மாதத்துக்குப் பிறகு எத்தனை முறை வெளியே வந்திருக்கும்? பிள்ளைகளுக்கு மட்டும் எடு. அதையும் இப்போதே எடு. தீபாவளிக்கு வந்து விற்காமல் தங்கிய சரக்கை நவம்பரில் கடைக்காரர்கள் விலை குறைத்துத் தள்ளுவார்கள். டிசம்பர் பாதியில் கிறிஸ்துமஸ், பொங்கல் என்று புதுச் சரக்கு இறங்கிவிடும். மகனுக்கு ஓர் அளவு பெரிதாக எடுத்தால் அடுத்த ஈஸ்டருக்கும் ஆகும்.

மோதிரத்தைப் பற்றிச் சற்று அழுத்தமாகவே சொல்கிறேன். குழந்தை இயேசுவை ஆலயத்துக்குக் கொண்டுவந்தபோது யோசேப்பும் மரியாளும் ஒரு ஜோடு காட்டுப்புறாவையாவது இரண்டு புறாக்குஞ்சுகளையாவது பலியிட வந்தார்கள் என்று லூக்கா 2:24 சொல்கிறது. லேவியராகமம் 12:8ஐப் புரட்டிப் பார்த்தால் அது ஆட்டுக்குட்டி கொடுக்கச் சக்தியில்லாதவர்களுக்கு நியாயப்பிரமாணம் (மோசேயின் சட்டம்) வைத்த சலுகை என்பது தெரியும். அந்தக் குடும்பமே தன்னால் இயன்றதைத்தான் கொடுத்தது. அந்தக் குழந்தையின் பிறந்தநாளைக் கொண்டாடுகிற நாம் வளையலை அடகு வைப்பதற்கு என்ன நியாயம் இருக்கிறது?

ஆனால் இதை மாமியாரிடம் நீ சொல்லாதே. உன் கணவர் சொல்லட்டும். மகன் "அம்மா, இந்த ஆண்டு முடியவில்லை" என்றால் அது வீட்டு நிலவரம். அதையே மருமகள் சொன்னால் குற்றமாக எடுத்துக்கொள்ளப்படும். தலைக் கிறிஸ்துமஸுக்கு வருகிறவர்களுக்கு ஒரு சேலையும் வேட்டி சட்டையும் போதும். கோ-ஆப்டெக்ஸ் கடைகளில் பண்டிகைக் காலத் தள்ளுபடி 30 விழுக்காடு வரை வழக்கமாக உண்டு. கைத்தறிச் சேலையைக் கொடுத்தால் விலை குறைவு என்று யாரும் நினைப்பதில்லை.

ஸ்டார் விஷயத்தில் காசு கொடுக்கவே வேண்டாம். மூங்கில் பட்டையில் ஒரே நீளத்தில் பத்துக் குச்சிகளைச் சீவிக்கொள்ளுங்கள். ஐந்து குச்சிகளைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்துக் கட்டினால் ஒரு நட்சத்திரம் வரும், அதைப்போல இன்னொன்று. இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, ஐந்து முனைகளிலும் இறுகக் கட்டிவிட்டு, நடுவில் ஐங்கோணம் தெரியும் ஐந்து மூலைகளிலும் சாண் அளவுக் குச்சிகளை முட்டுக் கொடுத்தால் வயிறு உப்பி நிற்கும். மேலே வண்ணத்தாள் ஒட்டுவது பிள்ளைகளின் பொறுப்பு. உள்ளே 9 வாட் எல்.இ.டி. பல்பைப் போட்டு நாளுக்கு ஆறு மணி நேரம் எரித்தாலும் மாதம் முழுவதற்கும் இரண்டு யூனிட்கூட ஆகாது. மரத்துக்குப் பிளாஸ்டிக் வாங்காதே. சவுக்குக் கிளை ஒன்றை வாளி மணலில் நட்டால் பழைய சீரியல் செட்டுக்கு அது போதும்.

பதில்: அன்பியம் அக்கா

ஆசிரியர் ஐயா சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். மாமியாரின் உடையை மட்டும் விட்டுவிடக் கூடாது என்பது என் கருத்து. நீங்களும் உங்கள் கணவரும் பழைய உடையில் நள்ளிரவுத் திருப்பலிக்குப் போனால் யாரும் கவனிக்கப்போவதில்லை. அவர் வயதுப் பெண்கள் எல்லாரும் புதுச் சேலையில் முன்வரிசைப் பாயில் உட்கார்ந்திருக்க, அதுவும் சம்பந்தி வீட்டார் பார்க்கும் ஆண்டில், அவர் மட்டும் பழையதில் போனால் அந்தக் குறை அடுத்த பாஸ்கா (ஈஸ்டர்) வரை வீட்டில் பேசப்படும். அறுநூறு ரூபாய்க்கு ஒரு பருத்திச் சேலை எடுத்துக் கொடுங்கள். மோதிரப் பேச்சு அடங்குவதற்கும் அது உதவும்.

இப்போது பலகாரத்துக்கு வருகிறேன். உங்கள் கணக்கில் மிகுதியாக வீணாவது இங்கேதான். தனித்தனியாகச் சுடும்போது ஒவ்வொரு வீட்டிலும் சட்டி நிறைய எண்ணெய் ஊற்ற வேண்டியிருக்கிறது. சுட்டு முடித்த பிறகு அரை லிட்டருக்குக் குறையாமல் அடியில் கசடுடன் நின்றுவிடுகிறது. எங்கள் அன்பியத்தில் (கோயிலைச் சேர்ந்த அக்கம்பக்கக் குடும்பங்களின் குழுவில்) நான்கு குடும்பங்கள் ஒரே நாளில் ஒரே அடுப்பில் சேர்ந்து சுடுகிறோம். ஒருவர் மாவு கரைக்க, ஒருவர் அச்சைப் பிடிக்க, ஒருவர் எடுத்து வடிகட்ட, பிள்ளைகள் டின்னில் அடுக்க, காலையில் தொடங்கினால் பகல் சாப்பாட்டுக்குள் வேலை முடிந்துவிடும். எண்ணெயும் எரிவாயுவும் நான்கில் ஒரு பங்குதான் ஆகின்றன என்று சொல்ல மாட்டேன். ஆனால் பாதிக்கு மேல் மிச்சமாகிறது.

ஐந்து வகை வேண்டாம். இரண்டே வகை செய்யுங்கள். என் தேர்வு அச்சுமுறுக்கும் முந்திரிக்கொத்தும். இரண்டும் பத்து நாள் வரை கெடாமல் இருப்பதால் டிசம்பர் மூன்றாம் வாரத்திலேயே முடித்து வைத்துவிடலாம். முந்திரிக்கொத்துக்கு வேண்டியவை பாசிப்பயறும் வெல்லமும் தேங்காயும் ஏலக்காயும் மேல்மாவுக்குக் கொஞ்சம் பச்சரிசியுமே. கருப்பட்டியில் செய்தால் சுவை ஒரு படி மேல்தான். ஆனால் நல்ல கருப்பட்டி விற்கும் விலைக்கு இந்த ஆண்டு வெல்லமே போதும். நியாயவிலைக் கடையில் லிட்டர் 25 ரூபாய்க்குக் கிடைக்கும் பாமாயிலை நவம்பர், டிசம்பர் இரண்டு மாதமும் விடாமல் வாங்குங்கள். பச்சரிசியும் சர்க்கரையும் அப்படியே. அந்த அரிசியைக் களைந்து ஊற வைத்து, நிழலில் உலர்த்தி மில்லில் கொடுத்தால் அச்சுமுறுக்குக்கு அருமையான மாவு வரும்.

அச்சுமுறுக்கில் புதிதாகச் செய்பவர்களுக்கு வரும் தொல்லை, முறுக்கு அச்சை விட்டுக் கழலாததுதான். அச்சை எண்ணெயிலேயே நன்றாகச் சூடேற்றி, மாவில் முக்கால் பங்கு மட்டும் முக்க வேண்டும். விளிம்புக்கு மேல் மாவு ஏறினால் அது அச்சைக் கவ்விக்கொள்ளும். மாவில் முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்திருப்பதால் அடுப்பைத் தணித்து வைக்காவிட்டால் நொடியில் சிவந்துவிடும். முட்டையை டிசம்பர் கடைசி வாரத்துக்கு வைத்திருக்காமல் முன்கூட்டியே வாங்கிப் பலகாரத்தை முடிப்பது நல்லது. குளிர்காலமும் கேக் காலமும் சேர்ந்து வரும்போது முட்டை விலை ஏறுவதை எல்லாரும் பார்த்திருக்கிறோம்.

14 வீடுகளுக்கும் ஒரே மாதிரித் தட்டு வேண்டுமா என்பதையும் யோசியுங்கள். நான் இவ்வாறு செய்கிறேன்: நமக்குப் பண்டிகைக்குக் கொடுத்துவிடுகிற வீடுகளுக்கு முழுத் தட்டு, மற்ற வீடுகளின் பிள்ளைகளுக்குக் குடில் பார்க்க வரும்போது கையில் ஆளுக்கு இரண்டு முறுக்கு. குழந்தைகள் வந்துபோன வீட்டுக்குத் தட்டு வரவில்லை என்று யாரும் கோபித்துக்கொண்டதில்லை. மக்ரூனை முற்றிலும் விட வேண்டியதில்லை. விலை கூடுதலானாலும் அது எடையில் லேசு. கால் கிலோ வாங்கினாலே ஒரு பெரிய டப்பா நிறையும். முழுத் தட்டுகளில் மட்டும் நான்கைந்து வைத்தால் தட்டே தூத்துக்குடித் தட்டாகிவிடும்.

குடிலுக்குச் சென்ற ஆண்டின் சுரூபங்கள் இருக்குமே. உடைந்த இடத்தில் பசை தடவிச் சுண்ணாம்புப் பூச்சுப் பூசுங்கள். புல்லுக்குக் கேழ்வரகையோ வெந்தயத்தையோ டிசம்பர் இரண்டாம் வாரத்தில் ஈரமண் தட்டில் தூவிவிட்டால் 24ஆம் தேதிக்குள் பச்சை விரிப்பாக வந்து நிற்கும். 1223ஆம் ஆண்டு இத்தாலியின் கிரேச்சோ என்ற ஊரில் புனித பிரான்சிஸ் அசிசியார் முதன்முதலில் குடில் அமைத்தபோது அவரிடம் இருந்தவை ஒரு தீவனத் தொட்டியும் வைக்கோலும் ஒரு மாடும் ஒரு கழுதையும்தாம். ஆகவே இடையர்களில் ஒருவருக்குக் கை இல்லை என்பதற்காகப் புதுச் செட் வாங்க வேண்டாம்.

கறியைப் பொறுத்தவரை, பகல் பிரியாணியைக் கோழியில் செய்துவிட்டு, காலையில் இட்லிக்கு மட்டும் அரைக் கிலோ ஆட்டுக்கறியை உருளைக்கிழங்கு போட்டுக் குழம்பாக வையுங்கள். மாப்பிள்ளைக்கு ஆட்டுக்கறி போட்டதாகவும் ஆகும். பிரியாணியில் மட்டன் போட்டால் வருகிறவர்களையும் சேர்த்து இரண்டு கிலோவாவது வேண்டும்.

பதில்: மன்னாரிலிருந்து

வணக்கம். நான் இலங்கையிலிருந்து எழுதுகிறேன். நாங்கள் நத்தார் என்று சொல்லும் இந்தப் பண்டிகையை 2021, 2022 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் எப்படிக் கழித்தோம் என்பதைச் சொன்னால் உங்களுக்கு ஏதேனும் பயன்படக்கூடும்.

2021 டிசம்பரில் பால்மாவும் சமையல் எரிவாயுவும் கிடைக்கவில்லை. எரிவாயு கிடைத்த வீடுகளிலும், பல இடங்களில் அடுப்புகளும் கொள்கலன்களும் வெடித்த செய்திகள் வந்துகொண்டிருந்ததால், அதைப் பற்றவைக்கவே பயந்தார்கள். அடுத்த ஆண்டு பொருட்கள் கடைக்கு வந்தன, ஆனால் விலை கைக்கெட்டவில்லை; 2022 செப்டம்பரில் பணவீக்கம் 70 விழுக்காட்டை ஒட்டி நின்றது. சம்பளம் அதே சம்பளம்தான்.

அந்த நிலைமையில் எங்கள் வீட்டில் முதலில் எடுத்த முடிவு, அண்ணன் தம்பி, அக்கா தங்கை குடும்பங்கள் எல்லாம் பிள்ளைகளுக்குத் தனித்தனியாக உடுப்பும் பரிசும் வாங்குவதை நிறுத்துவது என்பதாகும். பிள்ளைகளின் பெயர்களைச் சீட்டில் எழுதிக் குலுக்கி, ஒவ்வொரு குடும்பமும் தனக்கு வந்த ஒரு பிள்ளைக்கு மட்டும் வாங்கியது. பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு நல்ல உடுப்புக் கிடைத்தது. முன்பு நான்கு மலிவான பொருட்கள் கிடைத்ததை விட அதையே அவர்கள் விரும்பினார்கள். இன்றைக்கும் நாங்கள் அதைத் தொடர்கிறோம்.

இரண்டாவது, கேக். வழமையாக ஒவ்வொரு வீட்டிலும் பட்டரும் முட்டையும் சீனியும் போட்டு அடிப்போம். அந்த ஆண்டு மூன்று வீட்டார் சேர்ந்து மாஜரினில் ஒரே கேக்காக அடித்து, வெதுப்பகத்தில் கொடுத்து, அங்கே பாண் (ரொட்டி) போட்டு முடித்த சூட்டில் வேக வைத்து வாங்கினோம். சிறு தொகைதான் கேட்டார்கள். உங்கள் ஊரிலும் விறகுச் சூளை வைத்திருக்கும் பேக்கரியில் கேட்டுப் பாருங்கள். வருகிறவர்களுக்குக் கேக்கைத் துண்டு துண்டாக வெட்டி வைத்து, பயத்தம் பணியாரத்தையே தட்டு நிறைய வைத்தோம்; அன்பியம் அக்கா சொல்லும் முந்திரிக்கொத்துக்கு அது நெருங்கிய சொந்தம்.

எங்கள் பங்குக் கோயிலில் ஒளிவிழாவை (பிள்ளைகளின் நத்தார் கலைவிழாவை) நிறுத்திவிடலாமா என்ற பேச்சு வந்தபோது பங்குத்தந்தை மறுத்துவிட்டார். பிள்ளைகளின் பாடலும் நாடகமும் அப்படியே நடந்தன. சிற்றுண்டிப் பொதிக்குப் பதிலாக அவித்த கடலையும் தேநீரும் கொடுக்கப்பட்டன. அதனால் யாருக்கும் ஒரு குறையும் ஏற்படவில்லை. சகோதரி கேட்டது பிள்ளைகள் மனம் கோணாமல் இருப்பதைப் பற்றி. நான் பார்த்தவரை, பிள்ளைகள் கணக்கில் வைப்பது தங்களுக்கு வேலை இருந்ததா, தங்கள் வீட்டுக்கு ஆட்கள் வந்தார்களா என்பவற்றைத்தான். வெளிச்சக்கூடு (காகித விளக்குக்கூடு) கட்டுவதற்கு ஒரு மாலை முழுவதும் அப்பா கூடவே இருந்தார் என்பதை என் மகன் இன்னும் சொல்கிறான். அந்த ஆண்டு போட்ட உடுப்பின் நிறம் அவனுக்கு நினைவில்லை.

பதில்: வட்டிக்கணக்கு

மற்றவர்கள் அழகாகச் சொல்லிவிட்டார்கள். நான் வளையலைப் பற்றி மட்டும் பேசுகிறேன், ஏனென்றால் ஒரு வங்கியின் நகைக்கடன் பிரிவில்தான் என் நாள் கழிகிறது.

பண்டிகைக்காக நகை வைப்பவர்களில் பலர் முதலில் எண்ணுவது மூன்று மாதத்தில் மீட்டுவிடலாம் என்பது. ஜனவரியில் பொங்கல், பிறகு பள்ளியின் மூன்றாம் பருவக் கட்டணம், அதன் பிறகு ஏப்ரல், மே மாதத் திருமணங்கள் என்று ஒவ்வொன்றாக வர, ஆண்டு முடிவில் வட்டியை மட்டும் கட்டிப் புதுப்பித்துக்கொண்டு போகிறார்கள். மாப்பிள்ளையின் விரலில் ஒரு மோதிரம் ஏறுவதற்காக உங்கள் கையில் இருக்கும் வளையல் இறங்குகிறது என்றால் குடும்பத்தின் தங்கம் ஒரு குன்றிமணிகூடக் கூடவில்லை. வட்டி மட்டும் வெளியே போகிறது. அப்படியே வைக்கத்தான் வேண்டும் என்ற நிலை வந்தால் வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ வையுங்கள். தெரிந்தவரிடம் பத்து வட்டிக்கு வாங்கலாம் என்று யாராவது சொன்னால் காது கொடுக்காதீர்கள். 10,000 ரூபாய்க்கு மாதம் 1,000 ரூபாய் வட்டி என்றால் ஆண்டுக்கு 12,000. அசல் அப்படியே நிற்கும். அத்தகைய வட்டி வாங்குவதைத் தடுக்க 2003ஆம் ஆண்டே தமிழ்நாட்டில் கந்துவட்டித் தடைச் சட்டம் வந்துவிட்டது. இருந்தும் பண்டிகைக்கு முந்தைய வாரங்களில்தான் அந்தத் தொழில் கொழிக்கிறது.

அடுத்த ஆண்டுக்கு ஒரு வார்த்தை. தெருவில் நடத்தும் கிறிஸ்துமஸ் சீட்டில் சேருவதற்கு முன்பு அது பதிவு செய்யப்பட்டதா என்று கேளுங்கள். பெரும்பாலும் இருக்காது, நடத்துகிறவர் மறைந்துபோனால் கேட்க நாதியில்லை. அதற்குப் பதிலாக வங்கியில் ஓராண்டுத் தொடர் வைப்புக் கணக்கு (ஆர்.டி.) தொடங்கி, இந்த டிசம்பர் தொடக்கத்திலிருந்தே மாதம் 700 ரூபாய் போட்டால் அடுத்த டிசம்பர் தொடக்கத்தில் 8,400 ரூபாயும் வட்டியும் கைக்கு வரும். அஞ்சலகத் தொடர் வைப்பு ஐந்தாண்டுக்கானது என்பதால் இந்தத் தேவைக்கு அது பொருந்தாது.

மறுமொழி: தூத்துக்குடி மருமகள்

அனைவருக்கும் நன்றி. ஆசிரியர் ஐயா சொன்னபடி என் கணவரே மாமியாரிடம் பேசினார். அவர் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை; பிறகு அவரே நாத்தனாரைத் தொலைபேசியில் அழைத்து மோதிரம் அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார். நாத்தனாரோ, மாப்பிள்ளைக்கு மோதிரம் போடும் பழக்கமே இல்லை, திருமண மோதிரத்தையே கழற்றி வைத்திருக்கிறார் என்று பதில் சொன்னாராம்.

கணக்கையும் போட்டுவிட்டேன். பிள்ளைகள் இருவருக்கும் உடை 1,700, மாமியார் சேலை 600, நாத்தனாருக்கும் மாப்பிள்ளைக்கும் சேலையும் வேட்டி சட்டையும் 1,900, சேர்ந்து சுடும் பலகாரத்தில் எங்கள் பங்கும் கால் கிலோ மக்ரூனுமாக 900, கறி, அரிசி 1,700, ஸ்டார், குடில் 250, கேக் 400, காணிக்கைகள் 500. மொத்தம் 7,950 ரூபாய். கேரல் குழுக்களில் எங்கள் கோயில் குழுவுக்கு மட்டும் உறையில் காணிக்கை வைத்து, மற்றவர்களுக்குச் சுக்குக் காப்பி கொடுப்பதாக முடிவு செய்திருக்கிறோம். பனியில் பாடிக்கொண்டு வருகிறவர்கள் உறையை விட அதைத்தான் விரும்புவார்கள் என்று மகள் சொல்கிறாள்.

ஒரே ஒரு சந்தேகம் இருக்கிறது. எங்கள் பக்கத்துப் பேக்கரியில் மின்சார அடுப்புதான். பிறர் மாவை வாங்கி வேக வைத்துத் தர மாட்டார்களாம். என்னிடம் ஓவன் இல்லை. குக்கரில் பிளம் கேக் நன்றாக வருமா? எனக்கு வரும் கேக் எப்போதும் அடி கருகி நடுவில் மாவாக இருக்கிறது.

பதில்: அன்பியம் அக்கா

வரும். அடி கருகுவதற்குத் தீ அதிகமாக இருப்பதும், கேக் பாத்திரம் குக்கரின் அடியில் நேராக உட்கார்ந்திருப்பதுமே காரணம். பழைய ஐந்து லிட்டர் அலுமினியக் குக்கரை எடுத்துக்கொள்ளுங்கள். நாள்தோறும் சோறு வடிக்கும் நல்ல குக்கரை இதற்குப் பயன்படுத்தக் கூடாது, வெறும் சூட்டில் அடி வளைந்துவிடும். மூடியிலிருந்து ரப்பர் வளையத்தையும் வெயிட்டையும் கழற்றிவிடுங்கள். தண்ணீர் ஊற்றக் கூடாது. கல்லுப்பை இரண்டு விரல் உயரத்துக்குப் பரப்பி, அதன்மேல் ஒரு இரும்பு வளையம் வைத்து, மூடி போட்டுப் பத்து நிமிடம் நடுத்தரத் தீயில் சூடாக்கிய பிறகே கேக் பாத்திரத்தை உள்ளே இறக்க வேண்டும். அதன் பிறகு தீ இருக்கிறதா இல்லையா என்று குனிந்து பார்க்கும் அளவுக்குச் சிறியதாக இருக்கட்டும்.

மைதா 200 கிராம், பொடித்த சர்க்கரை 150 கிராம், முட்டை மூன்று, மணமில்லாத எண்ணெய் 150 மில்லி, பேக்கிங் பவுடர் ஒரு தேக்கரண்டி, ஏலக்காய், பட்டை, கிராம்பு, சுக்கு எல்லாம் சேர்த்துப் பொடித்தது அரைத் தேக்கரண்டி. உலர்திராட்சை, பேரீச்சை, டூட்டி ஃபுரூட்டி மூன்றும் சேர்ந்து 150 கிராம் போதும். முந்திரிக்குப் பதில் தோல் நீக்கிய வறுத்த வேர்க்கடலையை ஒன்றிரண்டாக உடைத்துப் போடுங்கள். பழங்களை முதல் நாள் இரவே கட்டங்காப்பியிலோ (பால் சேர்க்காத காப்பி) ஆரஞ்சுச் சாற்றிலோ ஊற வைத்து, வடித்து, ஒரு கரண்டி மைதாவில் புரட்டிச் சேர்த்தால் அடியில் போய்த் தங்காது. கறுப்பு நிறத்துக்குக் கடையில் எதுவும் வாங்க வேண்டாம். நான்கு மேசைக்கரண்டிச் சர்க்கரையை வெறும் வாணலியில் உருக்கி, நன்றாகச் செம்பழுப்பாகிப் புகை எழத் தொடங்கும் நேரத்தில் அடுப்பை அணைத்து, கால் கோப்பைச் சுடுநீரைத் தள்ளி நின்று ஊற்றுங்கள், தெறிக்கும். அந்தப் பாகு ஆறிய பிறகுதான் மாவில் சேர வேண்டும்.

நடுவில் மாவாக இருப்பதற்கு இன்னொரு காரணம் உண்டு. பாத்திரத்தில் பாதிக்கு மேல் மாவு ஊற்றாதீர்கள். முதல் 40 நிமிடம் மூடியைத் திறக்கவே கூடாது. அதன் பிறகு ஈர்க்குச்சியால் குத்திப் பார்த்து, ஒட்டாமல் வரும் வரை விடலாம், ஒரு மணி நேரம்கூட ஆகலாம். 22ஆம் தேதியே செய்து, ஆறியதும் எண்ணெய்த்தாளில் சுற்றி டின்னில் வைத்துவிடுங்கள். இரண்டு நாள் சென்றால் மசாலா மணம் இறங்கி வெட்டவும் உதிராமல் வரும். நவம்பரிலேயே பாதி அளவில் ஒரு தடவை செய்து உங்கள் அடுப்பின் தீ எப்படி என்று பார்த்துக்கொள்வது நல்லது. உப்பைக் கொட்டிவிட வேண்டாம். ஆற வைத்து எடுத்து வைத்தால் டிசம்பருக்கும் அதுவே ஆகும், சமையலுக்கு மட்டும் உதவாது.